ஒளிப்படத்தின் ஓரங்களை மங்கவைக்கும்போது கடைசியில் நிற்கும் அந்தக் கோடு

3 மார்ச் 2025, கேள்வி

பழைய குடும்பப் படம் ஒன்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அதன் நான்கு ஓரங்களும் மெல்ல மங்கி வெள்ளைப் பக்கத்தோடு கரைந்துவிட வேண்டும். முழுப் படத்தையும் தேர்ந்தெடுத்து, 100 பிக்சல் ஃபெதர் கொடுத்து, தேர்வைத் தலைகீழாக்கி, டெலீட் விசையை அழுத்தினேன். ஒன்றுமே நடக்கவில்லை. தேர்வை ஓரத்திலிருந்து 30 பிக்சல் உள்ளே தள்ளிச் செய்து பார்த்தால் மங்கல் வருகிறது. ஆனால் படம் முடியும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று நிற்கிறது. இது மென்பொருளின் பிழை என்றே நினைக்கிறேன்.

3 மார்ச், இரவு, பதில்

பிழை இல்லை. ஃபெதர் என்ற கட்டளை படத்தைத் தொடுவதே இல்லை. தேர்வின் எல்லையை மட்டுமே அது குழைக்கிறது. தேர்வு என்பது உண்மையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தேர்வான இடம் வெள்ளை, தேர்வாகாத இடம் கறுப்பு. ஃபெதர் அந்தப் படத்தை மங்கலாக்குகிறது. அதனால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே சாம்பல் படிகள் உருவாகின்றன. எல்லைக்கு அப்பால் கறுப்பே இல்லாவிட்டால் குழைவதற்கு எதுவும் இல்லை. முழுப் படத்தையும் தேர்ந்தெடுத்தவருக்கு நேர்ந்தது இதுதான்: எல்லாமே வெள்ளை, தலைகீழாக்கினால் எல்லாமே கறுப்பு, டெலீட் விசைக்கு அழிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

படத்துக்கு வெளியே தேர்வு தொடர்கிறதா, அங்கேயே நின்றுவிடுகிறதா என்பதை மென்பொருள் நம்மிடமே கேட்கிறது. படத்திருத்த மென்பொருளான கிம்ப்பில் ஃபெதர் உரையாடல் பெட்டியில், தேர்ந்த பகுதி படத்துக்கு வெளியேயும் தொடர்வதாகக் கொள்ளலாமா என்று ஒரு கட்டம் இருக்கும். ஃபோட்டோஷாப்பில் அதே இடத்தில், கேன்வாஸ் எல்லையிலும் விளைவைச் செலுத்தலாமா என்று கேட்கும். இந்தக் கட்டங்களைப் படிக்காமலே ஓகே அழுத்திப் பழகியவர்களில் நானும் ஒருவன். ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் செய்தேன்.

எல்லையிலும் ஃபெதர் செயல்படும்படி மாற்றிவிட்டாலும் கோடு போகாது. ஃபெதர் எல்லையின் இரு பக்கமும் பரவுகிறது. பழைய எல்லை இருந்த இடத்தில் மதிப்பு சரியாகப் பாதியாக, அதாவது 50 விழுக்காடாக இருக்கும். அந்த எல்லை படத்தின் விளிம்பாகவே இருந்தால், விளிம்பில் படம் பாதி மட்டுமே மங்கியிருக்கும். மீதிப் பாதி அப்படியே வெட்டுப்பட்டு நிற்கும். 30 பிக்சல் உள்ளே தள்ளியபோதும் நடந்தது அதுவே, அளவு மட்டும் குறைவு. மங்கல் முடிவதற்குள் படம் முடிந்துவிட்டது.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு ஃபெதர் என்பதைவிட, விளிம்பைத் தொடும்போது மங்கல் முழுமையாக முடிந்திருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

4 மார்ச், காலை

நான் செய்யும் முறையை எழுதுகிறேன். படத்தின் லேயருக்கு, அதாவது அடுக்குக்கு, கீழே வெள்ளை லேயர் ஒன்றைப் போடுங்கள். படத்தின் லேயரில் செவ்வகத் தேர்வு ஒன்றை நான்கு பக்கமும் நன்றாக உள்ளே தள்ளி வரைந்து, ஃபெதர் கொடுத்து, அந்தத் தேர்விலிருந்து லேயர் மாஸ்க் உருவாக்குங்கள்; மாஸ்க்கில் வெள்ளை உள்ள இடத்தில் படம் தெரியும், கறுப்பு உள்ள இடத்தில் மறையும். எதையும் அழிக்க வேண்டாம், டெலீட் விசையின் பக்கமே போக வேண்டாம். உள்ளே தள்ளும் தூரம் ஃபெதர் எண்ணுக்குச் சமமாக இருந்தால் போதும்: 100 ஃபெதர் என்றால் 100 பிக்சல் உள்ளே.

ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் இன்னும் எளிதாகச் செய்யலாம். ஃபெதர் இல்லாத கூர்மையான தேர்விலிருந்தே மாஸ்க் உருவாக்கிக்கொண்டு, பிறகு ப்ராபர்ட்டீஸ் பலகையில் உள்ள ஃபெதர் நகர்த்தியை இழுத்தால் கண்ணெதிரே ஓரம் குழையும். நாளைக்கு மனம் மாறினால் அதே நகர்த்தியைப் பின்னால் இழுக்கலாம்.

பிறகு சோதனை. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரை முழுவதும் தெரியும். கிம்ப்பிலும் ஃபோட்டோஷாப்பிலும் இது ஒன்றுதான். புள்ளியின் நிற எண்ணைக் காட்டும் கலர் பிக்கரை எடுத்து நான்கு விளிம்புகளிலும் மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் 0, அதாவது முழுக் கறுப்பு, வர வேண்டும். 4 அல்லது 6 என்று வந்தாலும் அந்தக் கோடு ஏதாவது ஒரு திரையில் தெரியத்தான் செய்யும். அப்படி வந்தால் எல்லாவற்றையும் மீண்டும் செய்யத் தேவையில்லை: மாஸ்க்கின் மேல் லெவல்ஸ் (கறுப்பு, வெள்ளை எல்லைகளை நகர்த்தும் பெட்டி) திறந்து, இடப்பக்கக் கறுப்பு முக்கோணத்தை 10 வரை தள்ளினால் அதற்குக் கீழுள்ள சாம்பல் அனைத்தும் கறுப்பில் அமிழ்ந்துவிடும்.

4 மார்ச், மாலை

காலையில் எழுதியதைத் திருத்துகிறேன். உள்ளே தள்ளும் தூரம் ஃபெதர் எண்ணுக்குச் சமமாக இருந்தால் போதும் என்றது கிம்ப்பில் சரி, ஃபோட்டோஷாப்பில் தவறு. ஒரே படத்தை இரண்டிலும் திறந்து 100 உள்ளே, 100 ஃபெதர் என்று வைத்துப் பார்த்தேன். கிம்ப்பில் விளிம்பு கறுப்பாக இருந்தது. ஃபோட்டோஷாப்பில் விளிம்பில் சாம்பல் தெளிவாகவே தெரிந்தது. பெயரும் எண்ணும் ஒன்றாக இருந்தாலும் அந்த எண் எதைக் குறிக்கிறது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது; ஃபோட்டோஷாப்பின் 100 கிம்ப்பின் 100-ஐவிட மிக அகலமாகப் பரவுகிறது. ஃபோட்டோஷாப்பில் ஃபெதர் எண்ணைப்போல் இரண்டரை மடங்காவது உள்ளே தள்ளுகிறேன், அதன் பிறகும் மாஸ்க்கைத் திறந்து 0 வருகிறதா என்று பார்க்கிறேன்.

படத்தின் அளவும் கணக்கில் வர வேண்டும். 1200 பிக்சல் அகலமுள்ள படத்தில் 100 பிக்சல் என்பது அகலத்தில் 12-இல் ஒரு பங்கு. 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அதுவே 60-இல் ஒரு பங்கு. மங்கல் என்று சொல்லவே முடியாது, நகக்கீறல் போலத் தெரியும். ஆகவே இனி எண்களைப் பிக்சலில் சொல்லாமல் அகலத்தின் பங்காகச் சொல்ல முயல்கிறேன். மங்கும் பட்டை படத்தின் குறுகிய பக்கத்தில் ஆறில் ஒரு பங்காவது இருந்தால்தான் கரைவது போன்ற உணர்வு வருகிறது என்பது என் கண்ணின் கணக்கு.

எறும்பு ஊர்வது போல ஓடும் தேர்வுக் கோட்டை நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அது 50 விழுக்காடு உள்ள இடத்தை மட்டுமே காட்டுகிறது. அதற்கு வெளியே எவ்வளவு தூரம் மங்கல் பரவியிருக்கிறது என்பதை அது சொல்வதே இல்லை.

6 மார்ச்

அழிக்க வேண்டாம் என்று நான் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று கேள்வி அனுப்பியவர் கேட்டிருக்கிறார். காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் தாத்தாவின் குழுப் படம் ஒன்றை ஸ்கேன் செய்தேன். இரண்டு வரிசையில் ஒன்பது பேர். தாத்தாவும் பாட்டியும் நடுவில் அமர்ந்திருந்தார்கள். அவர்களை மட்டும் நீள்வட்டத்துக்குள் வைத்து ஓரங்களைக் கரைத்து, அச்சிட்டுச் சட்டமிட வேண்டும் என்பது திட்டம். மென்மையான அழிப்பானைப் பெரிய அளவில் வைத்துக்கொண்டு ஓரத்திலிருந்து உள்நோக்கித் தேய்த்தேன். நன்றாகவே வந்தது. சேமித்தேன். கோப்பின் பெயரை மாற்ற வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை. ஸ்கேன் செய்த அதே ஜேபெக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன்.

தாள் படம் அதன் பிறகு ஈரத்தில் ஒட்டிப் பிரிக்க முடியாமல் போயிற்று. பெரியப்பா ஒருநாள் வந்து, இடப்பக்க ஓரத்தில் நின்றவர் தாத்தாவின் அண்ணனா, அத்தானா என்று பார்க்க வேண்டும், அந்த முழுப் படத்தைக் காட்டு என்றார். கோப்பைத் திறந்தேன். இடப்பக்க ஓரத்தில் வெள்ளை இருந்தது. அந்த வெள்ளைக்குள் ஒரு சட்டைக் கையின் மடிப்பும், நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த மூன்று விரல்களும் மட்டும் பனியில் நிற்பது போல நின்றன. நான்காவது விரல் இருக்க வேண்டிய இடத்தில் அழிப்பானின் வட்டம் இருந்தது. பெரியப்பா அந்த விரல்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, மோதிரம் இருக்கிறதா என்று கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தோம். மோதிர விரல்தான் அழிந்துபோன விரல்.

அந்த ஒருவர் யார் என்பது எங்கள் குடும்பத்தில் இன்றும் முடிவாகவில்லை. மாஸ்க்கில் கறுப்பு பூசியிருந்தால், ஷிஃப்ட் விசையோடு மாஸ்க்கை ஒருமுறை சொடுக்கியதும் ஒன்பது பேரும் திரும்பி வந்திருப்பார்கள். கிம்ப்பில் அதற்குக் கன்ட்ரோல் விசை. மூலக் கோப்பைத் தனியாக, எவரும் தொடாத இடத்தில் வையுங்கள். வேலை செய்யும் கோப்பை மாஸ்க்கோடு சேர்த்து எக்ஸ்சிஎஃப் (கிம்ப்) அல்லது பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) வடிவில் சேமியுங்கள்.

7 மார்ச்

கேட்டவர் இன்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: படம் போகும் பக்கம் வெள்ளை இல்லையாம், மிக வெளிர்ந்த சாம்பலாம். இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டிய செய்தி. படம் எதற்குள் மங்குகிறது என்பது தெரியாமல் மங்கவைக்க முடியாது.

இரண்டு வழிகள் உள்ளன. பின்னணியின் நிறம் உறுதியாகத் தெரியும் என்றால், அதே நிறத்தை அடி லேயரில் நிரப்பி, ஒன்றாக்கி, ஜேபெக்காக ஏற்றுமதி செய்யலாம். நிறம் தெரியாது அல்லது மாறக்கூடும் என்றால், அடி லேயரை நீக்கிவிட்டு, ஒளிபுகும் ஓரங்களோடு பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். 1992-இல் வந்த ஜேபெக் வடிவத்துக்கு ஒளிபுகுதல் என்பதே கிடையாது; அதில் சேமித்தால் புகும் இடமெல்லாம் ஏதோ ஒரு நிறத்தால், பெரும்பாலும் வெள்ளையால், நிரப்பப்பட்டுவிடும். 1996-இல் வந்த பிஎன்ஜியில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றோடு, அந்தப் பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் ஆல்ஃபா என்ற நான்காவது எண்ணும் இருக்க முடியும். அந்த ஆல்ஃபா என்னும் கருத்தை 1970-களின் பிற்பகுதியில் கணினி வரைகலை ஆய்வாளர்களான எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும் உருவாக்கினார்கள். அதை வைத்துப் படங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும் கணக்கை 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் முறைப்படுத்தினார்கள். நம் மாஸ்க் செய்வது அந்தக் கணக்கைத்தான். படத்தில் ஒரு பிக்சலின் மதிப்பு 60, பின்னணி 240, மாஸ்க் பாதி என்றால் விடை 150.

வெள்ளைக்குள் மங்கவைத்த ஜேபெக்கை எடுத்துக் கருநிறப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் கைப்பேசியில் இரவு நேரத் தோற்றத்துக்கு மாறும்போதுதான் பார்க்கிறார்கள். மனிதரைச் சுற்றி ஒரு வெள்ளைப் பெட்டி ஒளிர்கிறது. இணையப் பக்கம் என்றால் படத்தை மாற்றாமலே பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் மாஸ்க்-இமேஜ் பண்பில் ரேடியல் கிரேடியன்ட் (நடுவிலிருந்து வெளிநோக்கி மெல்ல மாறும் பூச்சு) கொடுத்து ஓரத்தைக் கரைக்கலாம். மூலப் படம் முழுதாகவே இருக்கும், பின்னணி எந்த நிறத்துக்கு மாறினாலும் ஓரம் அதற்குள் கரையும்.

கிம்ப் பயன்படுத்துவோருக்கு: லேயரில் ஆல்ஃபா சேனல் இல்லாவிட்டால் டெலீட் விசை ஒளிபுகும் இடத்தை உருவாக்காது, பின்புல நிறத்தைத்தான் நிரப்பும். லேயர் மெனுவில் ஆல்ஃபா சேனலைச் சேர்த்த பிறகே அது வேலை செய்யும்.

7 மார்ச், பின்னிரவு

ஒளிபுகும் ஓரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. முழுதும் மறைந்த பிக்சலின் நிறம் கோப்புக்குள் இருக்கக்கூடும். ஆல்ஃபா 0 என்றால் காட்டாதே என்பது மட்டும்தான் பொருள். நிறம் மூன்று எண்களாக அங்கேயே படுத்திருக்கலாம். கிம்ப்பில் பிஎன்ஜி ஏற்றுமதி செய்யும்போது, ஒளிபுகும் பிக்சல்களின் நிற மதிப்புகளையும் சேமிக்கலாமா என்று ஒரு கட்டம் வருகிறது. ஓரத்தில் நிற்கும் ஒருவரை மறைப்பதற்காக மங்கவைக்கிறீர்கள் என்றால் அந்தக் கட்டத்தில் குறி இருக்கக் கூடாது. யாராவது ஆல்ஃபாவை நீக்கினால் அவர் முழுதாக வெளியே வந்து நிற்பார்.

9 மார்ச்

மாஸ்க் சரியாகிவிட்டது, ஆனால் வானம் மங்கும் இடத்தில் படிக்கட்டு போலப் பட்டைகள் தெரிகின்றன என்கிறார். இதுவும் எதிர்பார்த்ததே.

சாதாரணப் படத்தில், அதாவது 8 பிட் படத்தில், ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உள்ளன. அவருடைய வானம் ஏறத்தாழ 215, பின்னணி 255 என்று கொள்வோம். இடையே 40 படிகள். மங்கும் பட்டை 1000 பிக்சல் அகலம் என்றால் ஒவ்வொரு படியும் 25 பிக்சல் அகலத்துக்கு மாற்றமே இல்லாமல் கிடக்கும். அந்த அகலத்தைக் கண் விடாது. மங்கல் எவ்வளவு அகலமோ, நிற வேறுபாடு எவ்வளவு குறைவோ, அவ்வளவு தெளிவாகப் பட்டைகள் தெரியும். வெளிர்ந்த சுவர், பனி, வானம் ஆகியவை உள்ள படங்களில் இது அதிகம். இலைகளும் கூழாங்கற்களும் நிறைந்த ஓரத்தில் இதைத் தேடினாலும் கிடைக்காது.

மருந்து, மெல்லிய இரைச்சல், அதாவது ஒழுங்கின்றித் தூவிய நுண்புள்ளிகள். மாஸ்க்கின் மேல் நாய்ஸ் வடிகட்டியைக் குறைந்த அளவில் செலுத்தினால் படிகளின் விளிம்புகள் சிதறிவிடும். எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு: 40 படிகள் மட்டுமே உள்ள இடத்தில் மாஸ்க் ஏறத்தாழ 6 மாறினால்தான் படம் 1 மாறும், எனவே இரைச்சலின் வீச்சு அந்த 6-க்குக் குறைந்தால் பயனில்லை. செலுத்திய பிறகு விளிம்பை மீண்டும் சோதிக்க வேண்டும், ஏனெனில் 0 இருந்த இடத்திலும் இரைச்சல் புள்ளிகளைத் தூவியிருக்கும். லெவல்ஸ் முக்கோணத்தை இன்னொரு முறை தள்ள வேண்டிவரும்.

16 பிட் கோப்பில் வேலை செய்வது நல்லதுதான், ஆனால் கடைசியில் 8 பிட்டுக்கு இறக்கும்போது பட்டைகள் திரும்ப வரலாம். ஜேபெக்கின் தரத்தை மிகவும் குறைக்க வேண்டாம். அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. மென்மையான மங்கலில் அந்தக் கட்டங்கள் ஓடு பதித்த தரை போலத் தெரியும்.

10 மார்ச்

ஃபெதருக்குப் பதில் நான்கு பக்கமும் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறும் கிரேடியன்ட் இழுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். இழுக்கலாம், ஆனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வோம்.

முதலாவது, கண்ணின் இயல்பு. வெள்ளையிலிருந்து கறுப்புக்கு நேர்கோட்டில் இறங்கும் கிரேடியன்ட்டில், இறக்கம் தொடங்கும் இடத்தில் சற்றே பளிச்சென்ற கோடும், முடியும் இடத்தில் சற்றே இருண்ட கோடும் தெரியும். அளந்து பார்த்தால் அங்கே கோடு எதுவும் இராது. சரிவு திடீரென மாறும் இடங்களைக் கண்தான் மிகைப்படுத்துகிறது. இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் இதை 1865-இல் விளக்கினார். அவர் பெயராலேயே மாக் பட்டைகள் என்கிறார்கள். கேட்டவர் முதல்நாள் சொன்ன கோடு உண்மையான கோடு; கிரேடியன்ட்டில் வரும் கோடு கண்ணுக்குள் பிறப்பது. கலர் பிக்கரால் இரண்டையும் பிரித்தறியலாம். ஃபெதரில் இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் அது மெல்லத் தொடங்கி, நடுவில் வேகமாக இறங்கி, மெல்ல முடிகிறது. கிரேடியன்ட்டையே விரும்புவோர் அதை இழுத்த பிறகு மாஸ்க்கின் மேல் காசியன் ப்ளர் என்ற மங்கலாக்கும் வடிகட்டியைச் செலுத்தினால் முனைகள் வளைந்துகொடுக்கும். செலுத்திவிட்டு விளிம்பில் 0 நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மூலை. மாஸ்க்கில் ஒரு கிரேடியன்ட் இழுத்த பிறகு இன்னொன்று இழுத்தால் முந்தையது அழிந்துவிடும். கருவியின் பயன்முறையை, மதிப்புகளைப் பெருக்கும் மல்ட்டிப்ளைக்கு மாற்றிவிட்டு இழுத்தால் நான்கும் சேரும். இரண்டில் இருண்டதை மட்டும் எடுக்கும் டார்க்கன் பயன்முறையிலும் சேரும்; ஆனால் இரண்டு பக்கங்களின் மங்கல் சந்திக்கும் மூலையில் சாய்வாக ஒரு மடிப்பு விழும், படச்சட்டத்தின் மூலையில் இரண்டு மரத்துண்டுகள் சேருமிடம் போல. மல்ட்டிப்ளையில் அந்த மடிப்பு இல்லை, மூலைகள் உருண்டு வருகின்றன. நான் இதை நெடுநாள் மாற்றிச் செய்துவிட்டு, மடிப்பைத் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

11 மார்ச்

ஒரே மாஸ்க், இரண்டு மென்பொருள், இரண்டு தோற்றம். 4-ஆம் தேதி இதை முழுவதும் ஃபெதர் எண்ணின் தலையில் கட்டிவிட்டேன். அது பாதிக் காரணம்தான். மாஸ்க்கையே படமாகச் சேமித்து மற்றதில் திறந்து பயன்படுத்திய பிறகும் கிம்ப்பில் வெள்ளை அதிகமாக உள்ளே புகுந்தது. கிம்ப் 2.10 பதிப்பிலிருந்து சாதாரணக் கலப்பு நேரியல் ஒளிக் கணக்கில் நடக்கிறது. கறுப்பின் மேல் வெள்ளையைப் பாதி அளவு கலந்தால் பழைய முறையில் 128 வரும். நேரியல் முறையில் 188 வரும். ஒளி உண்மையில் கலப்பது இரண்டாவது முறையில்தான் என்றாலும், கண்ணுக்குச் சீராகத் தோன்றுவது பல படங்களில் முதலாவது. லேயர் பலகையில் கலப்பு முறைக்கு அருகில் உள்ள சிறு பொத்தானை அழுத்திப் பழைய தொகுதிக்கு மாறினால் இரண்டும் ஒத்துவருகின்றன.

13 மார்ச்

செவ்வகத்தை விட்டு நீள்வட்டத்துக்கு வந்திருக்கிறார். மகிழ்ச்சி, இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இந்த மங்கலுக்கு விக்னெட் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் சிறு திராட்சைக் கொடி என்று பொருள். பழைய அச்சு நூல்களில் சட்டமில்லாமல் பக்கத்துக்குள் கரையும் கொடி அலங்காரங்களிலிருந்து அந்தப் பெயர் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் உருவப்படங்களில் தலையும் தோளும் மட்டும் வெள்ளைக்குள் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். இருட்டறையில் அதைச் செய்யும் விதம் எளியது. அட்டையில் முட்டை வடிவ ஓட்டை ஒன்றை வெட்டி, பெரிதாக்கும் கருவியின் வில்லைக்கும் தாளுக்கும் நடுவே பிடித்து, ஒளி விழும் நேரம் முழுவதும் அட்டையை மேலும் கீழுமாக நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் நின்றால் ஓட்டையின் விளிம்பு தாளில் கோடாக விழும். ஓட்டை சரியான நீள்வட்டமாக இருப்பதும் அரிது. தலைப்பக்கம் குறுகியும் தோள்பக்கம் அகன்றும் வெட்டுவார்கள்.

நம் கருவிகளில் நீள்வட்டத் தேர்வு கணிதப்படி சரியாக இருப்பதே அதன் குறை. அதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, மாஸ்க்கின் மேல் பெரிய மென்மையான பிரஷ்ஷை 10 விழுக்காடு ஒளிபுகாமையில் வைத்துக் கையால் திருத்துகிறேன். காதின் பக்கம் சற்று வெள்ளை, தோளின் கீழ் சற்றுக் கறுப்பு. கை படத்தில் இருந்தால் விரல் நடுவில் மங்கல் விழக் கூடாது. ஒன்று மணிக்கட்டுக்கு மேலேயே கரைய வேண்டும், இல்லையேல் கை முழுதாக இருக்க வேண்டும். மூன்று விரல்களைத் தனியே விட்டால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

கேட்டவரின் படத்தில் பின்னணி இருண்டது. இருளிலிருந்து வெள்ளைக்கு மங்கும்போது நடுவே சாம்பல் வழியாகத்தான் போக வேண்டும். தலையைச் சுற்றிப் பால் கலங்கியது போல ஒரு வளையம் தோன்றும். எந்த ஃபெதர் எண்ணும் அதைத் தீர்க்காது. பட்டையைக் குறுக்கலாம், அல்லது படத்தின் பின்னணியை மட்டும் கர்வ்ஸ் (ஒளி அளவை மாற்றும் கருவி) வைத்து முன்கூட்டியே வெளிறச் செய்யலாம், அல்லது வெள்ளையை விட்டுவிட்டு இருளுக்குள்ளேயே மங்கவிடலாம். நான் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

14 மார்ச்

ஒரே நகர்த்தியில் முடியாதா என்றால், லைட்ரூம் மென்பொருளில் வெட்டியபின் செலுத்தும் விக்னெட் உண்டு. வெள்ளைக்குப் போக விரும்பினால் பாணியைப் பெயின்ட் ஓவர்லேக்கு மாற்ற வேண்டும். மற்ற இரண்டு பாணிகளும் படத்தின் ஒளியை ஏற்றி இறக்குகின்றன, வெள்ளையைப் பூசுவதில்லை. வேர்டிலும் பவர்பாயின்டிலும் படத்துக்கான விளைவுகளில் சாஃப்ட் எட்ஜஸ் இருக்கிறது. அவசரத்துக்கு உதவும். ஆனால் மாஸ்க்கைத் திறந்து பார்க்கும் வசதி அங்கே இல்லை.

அச்சுக்குப் போகிறவர்கள் கவனிக்க: மிக வெளிர்ந்த தொனிகளுக்கான புள்ளிகள் 2 அல்லது 3 விழுக்காட்டுக்குக் கீழே தாளில் நிற்காமல் போய்விடும். திரையில் மென்மையாக முடிந்த மங்கல் தாளில் சட்டென்று நிற்கும். கடைசிப் பகுதியைச் சற்று வேகமாக இறக்கி, சிறிது இரைச்சல் சேர்த்து, முதலில் சிறு துண்டாக அச்சிட்டுப் பாருங்கள்.

16 மார்ச்

விளிம்பெல்லாம் 0 என்கிறார், பட்டைகளும் இல்லை என்கிறார், ஆனால் ஒரு திரையில் மட்டும் நான்கு பக்கமும் இன்னும் கோடு தெரிகிறதாம். மாஸ்க்கை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன், அப்பழுக்கில்லை. அப்படியானால் கோடு மாஸ்க்கில் இல்லை, அடி லேயரில் இருக்க வேண்டும். அவர் கடைசியில் வெள்ளைப் பக்கத்துக்கே திரும்பியிருந்தார். ஆனால் அடி லேயரின் வெள்ளையை ஸ்கேன் செய்த தாளின் ஓரத்திலிருந்து கலர் பிக்கரால் எடுத்திருக்கிறார். அது 250. பக்கத்தின் வெள்ளை 255. ஐந்து படி வேறுபாட்டைச் சில திரைகள் காட்டும், சில விழுங்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: எல்லா லேயர்களுக்கும் மேலே லெவல்ஸ் சரிசெய்தலை வைத்து, கறுப்பு முக்கோணத்தை 230 வரை இழுங்கள். 250 உள்ள இடம் 204 ஆகிவிடும், 255 மட்டும் வெள்ளையாகவே இருக்கும். ஒளிந்திருந்த செவ்வகம் முழுதாக வெளியே தெரியும். பார்த்துவிட்டு அந்தச் சரிசெய்தலை நீக்க மறக்க வேண்டாம்.

17 மார்ச்

அடி லேயரை 255 ஆக்கி, அதே சோதனையைச் செய்து, படத்தை அனுப்பியிருக்கிறார். நான்கு பக்கமும் சுத்தம். கீழ் இடது மூலையில் மட்டும் இரைச்சல் விட்டுச் சென்ற நான்கைந்து புள்ளிகள் உள்ளன. சிறிய கறுப்பு பிரஷ்ஷால் மாஸ்க்கில் ஒரு தொடு தொட்டால் போய்விடும். ஓரத்தில் நிற்கும் சிறுமியின் பின்னல் மங்கலுக்குள் பாதி போய்விட்டது. மாஸ்க் இருப்பதால் அதை வெள்ளை பிரஷ்ஷால் மீட்டுக்கொள்ளலாம்; மீட்டுவிட்டு அனுப்புங்கள், பார்க்கிறேன்.